மூன்று படிகளும் நான்கு முறையீடுகளும்: மத்தேயு நற்செய்தி கூறும் பிணக்குத் தீர்வு நெறியும் தஞ்சைத் திருச்சபைப் பூசலும்

முன்னுரை

மனிதர் கூடி வாழும் இடமெல்லாம் பிணக்கு உண்டு. அதனைத் தீர்க்கும் வழியைச் சமயங்களும் அறநூல்களும் தத்தம் போக்கில் வகுத்துரைத்துள்ளன. கிறித்தவ மறையில் இதற்கெனத் தெளிவான நெறி ஒன்று மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் அமைந்துள்ளது. தமிழ்ச் சபைகளில் பெரிதும் எடுத்துரைக்கப்படும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. எனினும், அந்நெறி தமிழ் மண்ணில் எழுந்த பூசல்களில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் ஆராயும் முயற்சிகள் குறைவே.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864) தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்ற கவிஞர். அவருடைய பெத்தலகேம் குறவஞ்சி பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ளது. அவர் இயற்றிய கீர்த்தனைகள் தஞ்சையிலும் நெல்லையிலும் மட்டுமின்றி, பிழைப்புத் தேடி மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் கிறித்தவரிடையேயும் வழங்குகின்றன. ஆனால், அக்கவிஞர் 1820களில் தம் சபையின் புதிய குருமாரோடு கொண்ட பிணக்கும், அதன்பொருட்டு 1829இல் அவர் எழுதிய உரைநடை நூல்களும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. பாடல் சென்ற தொலைவுக்குப் பூசலின் வரலாறு சென்றடையவில்லை. அப்பூசலை விவிலியத்தின் பிணக்குத் தீர்வு நெறியோடு பொருத்திப் பார்ப்பதும், எது தீர்ந்தது, எது தீராது நின்றது, ஏன் நின்றது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விவிலியம் கூறும் நெறி

மத்தேயு 18:15-17 மூன்று படிகளை வகுக்கிறது. தவறிழைத்த சகோதரனிடம் தீங்குற்றவரே சென்று, இருவரும் தனித்திருக்கையில் குற்றத்தை எடுத்துரைத்தல் முதற்படி. அவன் செவிகொடாவிடின் ஓரிருவரை உடனழைத்துச் செல்லுதல் இரண்டாம் படி. அதற்கும் இணங்காவிடின் சபைக்கு அறிவித்தல் மூன்றாம் படி. சாட்சியர் இருவர் மூவர் வேண்டும் என்னும் விதி உபாகமம் 19ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. ஆனால், உபாகமத்தில் அது தண்டனைக்கு முன்னான விசாரணை விதி. மத்தேயுவில் அது உறவை மீட்கும் வழியாக மாறியுள்ளது. சகோதரனை வெல்வதன்று, அவனை மீளப் பெறுவதே அங்குக் குறிக்கோள்.

இந்நெறியை நிறைவு செய்யும் வேறு சில இடங்களும் கருதத்தக்கவை. காணிக்கை செலுத்த வந்தவன் தன்மேல் மனத்தாங்கல் கொண்டவனை நினைத்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகி வரவேண்டும் என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் கூறுகிறது. இங்கே செல்ல வேண்டியவன் தீங்கு செய்தவன். 18ஆம் அதிகாரத்திலோ தீங்குற்றவன். இரு பகுதிகளையும் சேர்த்து நோக்கினால், முதலடி எடுத்து வைக்கும் கடமை இருவருக்கும் உரியது என்பது விளங்கும். சகோதரர் தம் வழக்கைப் புறத்தார் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்வதைப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 6ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார்.

வேறு இரு நிகழ்ச்சிகள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. ஒன்று, அந்தியோகியாவில் நிகழ்ந்தது. யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரைத் தனியே அழைத்துப் பேசவில்லை; எல்லார் முன்னிலையிலும் கடிந்துரைத்தார் (கலாத்தியர் 2). குற்றம் தனிமனிதருக்கு இழைக்கப்பட்டதன்று; பந்தியில் விடப்பட்டவர் அனைவருக்கும் இழைக்கப்பட்டது. பொதுவில் நேர்ந்த தீங்குக்குத் தனிமைப் படி பொருந்தாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மற்றொன்று, அப்போஸ்தலர் பணிகள் 6ஆம் அதிகாரச் செய்தி. நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் தம் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். அதனைத் தீர்க்க எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர் தரப்பினரிடமே பங்கிடும் பொறுப்பு அளிக்கப்பட்டது என இதனைக் கொள்ளலாம்.

தமிழ் மரபிலும் இதனையொத்த சிந்தனை உண்டு. வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தில் இடித்துரைத்தலை நண்பரின் கடமையாக வைக்கிறார். இகல் என்னும் அதிகாரத்தில் மாறுபாட்டை நோயெனக் காண்கிறார். பொறையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். ஆதலின் விவிலிய நெறி தமிழர்க்கு முற்றிலும் புதியதாக இருந்திருக்க இயலாது. புதியதாக இருந்தது மூன்றாம் படியில் வரும் 'சபை' என்னும் அமைப்பேயாகும்.

2. 'சபை' என்னும் சொல்லும் அதன் சுமையும்

நற்செய்தி நூல்கள் நான்கனுள் 'எக்லேசியா' என்னும் கிரேக்கச் சொல் மத்தேயுவில் மட்டுமே, 16, 18ஆம் அதிகாரங்களில் காணப்படுகிறது. அதற்கு இணையாகத் தமிழில் 'சபை', 'திருச்சபை' என்னும் சொற்கள் நிலைபெற்றன. கிரேக்கச் சொல் அழைக்கப்பட்டுக் கூடிய மக்களைக் குறிப்பது. தமிழ்ச் சொல்லுக்கோ நெடிய வரலாறு ஒன்று உண்டு. சோழர் கால ஊராட்சியில் பிரமதேய ஊர்களின் நிலவுடைமைப் பிராமணர் கூட்டமே 'சபை' எனப்பட்டது. வேளாண்வகை ஊர்களின் கூட்டம் 'ஊர்' என்றும், வணிகர் கூட்டம் 'நகரம்' என்றும் வழங்கின. நிலமற்ற உழைப்பாளர்க்கு இம்மூன்றிலும் இடமிருந்ததாகத் தெரியவில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம் வேறாகவும் பறைச்சேரி வேறாகவும் குறிக்கின்றன.

ஆகவே, 'சபைக்கு அறிவி' என்னும் கட்டளை தமிழில் ஒலித்தபோது, யார் சபை, யார் சபையில் அமர்வர் என்னும் வினாவும் உடன் எழுந்தது. கல்வெட்டு ஊரையும் சேரியையும் பிரித்துக் காட்டிய அதே தஞ்சையில், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தேவாலயத்தின் தரையில் அவ்வினா மீண்டும் எழுந்தது.

3. பூசலின் பின்புலம்

1706 சூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியதோடு தமிழ் மண்ணில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றத் தொடங்கியது. தொடக்கக் காலம் முதலே வெள்ளாளர் முதலிய சாதியினரும் பறையர் சமூகத்தினரும் சபையில் இணைந்தனர். ஆனால், ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு இடங்களில் அமர்ந்தனர். 1733 திசம்பரில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குரு, அவர் வெள்ளாளர். அக்காலத்தே தஞ்சைப் பகுதியில் மிகுந்த உழைப்போடு சபைகளை வளர்த்தவர் இராசநாயக்கன். படைவீரராக இருந்து உபதேசியாரான அவர் பறையர் சமூகத்தவர். 1741இல் இரண்டாம் தமிழ்க் குருவாகத் தியோகு தெரிந்தெடுக்கப்பட்டார். இராசநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவில்லை. அவர் கையால் நற்கருணை பெற ஏனைய சாதியினர் இசையார் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிற்று. தீங்குற்றவர் ஒருவர் இருந்தார். அவர் பொருட்டு எந்தப் படியும் ஏறப்படவில்லை. தஞ்சைப் பூசலின் முன்கதை இதுவே எனலாம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்சு (1726-1798) தனியிருக்கை வழக்கத்தைப் பொறுத்துக் கொண்டார். அறிவுரையால் அது காலப்போக்கில் மறையும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவரிடம் வளர்ந்தவர்கள் இருவர்: ஒருவர் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி, மற்றவர் திருநெல்வேலியில் பிறந்து இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்து வரப்பட்ட வேதநாயகம். குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி, உலா எனத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவங்களைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கித் தந்த சாத்திரியார், வெள்ளாளக் கிறித்தவ மரபினர். மூடநம்பிக்கைகளைச் சாடும் சாத்திரக்கும்மியை இயற்றியவரும் அவரே.

1820களில் நிலைமை மாறியது. ஆங்கிலேயச் சங்கங்களின் ஆதரவில் வந்த புதிய குருமார், பழைய குருமார் பொறுத்துக்கொண்டவற்றைப் பொறுக்க விரும்பவில்லை. தஞ்சையில் முதியவரான கோலாப் (1762-1844) இருந்தார். அவரோடு இணைந்து பணியாற்ற வந்தவர் ஹாபுரோ. தனியிருக்கையும் தனிப்பந்தியும் ஒழியவேண்டும் என்பதில் ஹாபுரோ உறுதியாக நின்றார்.

4. நான்கு முறையீடுகள்

புதிய குருமார் தம் சபைக்கு இழைத்த கொடுமைகள் என நான்கனைச் சாத்திரியார் எடுத்துரைத்தார். அமெரிக்க ஆய்வாளர் டென்னிசு ஹட்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவை வருமாறு:

முதலாவது, வேத மொழிபெயர்ப்பை மாற்றியது. பப்ரீசியசின் புதிய ஏற்பாடு 1772இல் அச்சேறியது. இரண்டு தலைமுறையினர் அதனை ஓதி, மனனம் செய்து, அதன் சொற்களில் செபித்து வந்தனர். இரேனியசு எளிய உரைநடையில் அதனைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது, பழகிய மறைமொழி பறிபோவதாகச் சாத்திரியார் கருதினார்.

இரண்டாவது, சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டு, அனைவரும் கலந்து அமரவும் நற்கருணையில் கலந்து பங்குபெறவும் கட்டாயப்படுத்தியது.

மூன்றாவது, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் மலர் பயன்படுத்துவதைத் தடுத்தது.

நான்காவது, வழிபாட்டில் தமிழிசைப் பாடல்களை விலக்கியது.

இந்நான்கும் ஒரே பட்டியலில் அடுக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் பண்பாட்டைச் சார்ந்தவை. தமிழர் தம் மொழியில், தம் இசையில், தம் மங்கலப் பொருள்களோடு இறைவனை வழிபடும் உரிமை பற்றியவை. இவற்றில் குருமார் தம் நாட்டு வழக்கத்தையே சமயம் என மயங்கினர் எனலாம். இரண்டாவதோ தன்மையில் வேறானது. அதில் சாத்திரியார் காத்துநின்றது தமிழர் அனைவரின் உரிமையையன்று; தமிழருள் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரைத் தள்ளி நிறுத்தும் வழக்கத்தையாகும். சாதி என்பது உலக வழக்கமேயன்றிச் சமய வழக்கமன்று. ஐரோப்பியரிடையிலும் உயர்குடியினர், பணியாளர் என்னும் வேறுபாடு உண்டு. சுவார்ட்சு முதலிய பெரியோர் இதனை ஏற்றிருந்தனர் என்பன அவர் தரப்பில் வைக்கப்பட்ட வாதங்கள். இவற்றுள் ஐரோப்பியரின் குடிப்பெருமை பற்றிய வாதம் கூர்மையானது, மறுத்தற்கரியது. ஆயினும், பிறர் குற்றம் தம் குற்றத்திற்கு விடையாகாது.

இங்கே இலக்கிய ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. குறவஞ்சி என்னும் வடிவத்தின் உயிர்நாடி, மலைக்குறத்தி ஒருத்தி மாளிகைத் தலைவியின் கையைப் பற்றிக் குறி சொல்வதாகும். சீயோன் மகளைத் தலைவியாக்கிய சாத்திரியார், விசுவாசத்தின் உருவகமாகக் குறத்தியையே அமைத்தார். சமூகத்தின் விளிம்பிலுள்ள ஒருத்தியின் வாயில் நற்செய்தியை வைத்த கவிஞர், தேவாலயத் தரையில் அதே நெருக்கத்திற்கு இசையவில்லை. இதனைக் கவிஞரின் போலித்தனமாகக் கொள்ள வேண்டுவதில்லை. இலக்கிய மரபு அனுமதித்ததைச் சமூக மரபு அனுமதிக்கவில்லை என்பதே உண்மை.

5. படிகள் ஏறப்பட்ட முறை

முதற்படியாகிய தனிமை உரையாடல் ஏட்டில் பதிவாவதன்று. ஆகவே, இரு தரப்பாரும் தனித்துப் பேசினரா என்பதைக் கொண்டு அவர்களை எடைபோடுதல் பொருந்தாது. பதிவானவை முறையீடுகளும் நூல்களும் ஆணைகளுமே. அவற்றில் யார் யார் தரப்பினராக அழைக்கப்பட்டனர் என்பதைக் கொண்டே நெறி பின்பற்றப்பட்ட விதத்தை மதிப்பிட இயலும்.

இரண்டாம் படிக்கு நெருங்கி வந்தவர் கல்கத்தா ஆயர் ரெசினால்டு ஈபர். 1826 மார்ச்சு 26, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று அவர் தஞ்சையில் இருந்தார். தமிழிலேயே ஆசி கூறினார். சாதிப் பிணக்கைக் கேள்வியுற்ற அவர் உடனே தீர்ப்புக் கூறவில்லை. வழக்கம் எத்தகையது, எங்கெங்கு உள்ளது, சமயக் கருத்து அதில் எவ்வளவு கலந்துள்ளது என்று அனுபவம் மிக்க குருவானவரிடம் வினாக்கள் எழுதி விளக்கம் கேட்டார். குழு அமைத்து ஆராயவும் முற்பட்டார். ஆனால், ஏப்பிரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் எதிர்பாரா வகையில் அவர் இறந்தார். கேட்டறிந்து தீர்க்கும் வாய்ப்பும் அவரோடு நழுவியது.

அதன்பின் பிணக்கு முற்றியது. சாத்திரியார் 1829இல் சாதி வழக்கம் குறித்துத் தம் நூல்களை எழுதினார். மிசன் பணியிலிருந்தும் நீங்க நேர்ந்தது. பழைய தோழராகிய சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். மன்னர் 1832இல் மறைந்தார்.

மூன்றாம் படி 1833 சூலையில் ஏறப்பட்டது. அப்போதைய கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபையினரிடையே சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1835 தொடக்கத்தில் வில்சன் நேரிலேயே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். கொள்கையளவில் அவர் ஆணை நேரியது. பவுல் அந்தியோகியாவில் எடுத்த நிலைப்பாட்டிற்கு இணையானது. ஆனால், மத்தேயு கூறும் மூன்றாம் படி சபைக்கு அறிவித்தலாகும். இங்கு நடந்ததோ சபைக்கு ஆணையிடல். கூடிப் பேசித் தெளிய வேண்டிய மக்கள், ஓலை கேட்டுப் பணிபவராகவோ விலகுபவராகவோ ஆக்கப்பட்டனர்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. இப்பூசலில் தம்மைத் தீங்குற்றவராகக் கருதியோர் இரு திறத்தார். தம் மரபு பறிக்கப்பட்டதெனச் சாத்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் கருதினர். தம் அதிகாரமும் நற்செய்தியும் மறுக்கப்பட்டதெனக் குருமார் கருதினர். ஆனால், உண்மையில் தீங்குற்றவர் மூன்றாம் திறத்தார். தனியே அமர்த்தப்பட்டவர், கிண்ணம் இறுதியாக வந்து சேரும் வரிசையில் நிறுத்தப்பட்டவர் அவர்களே. நமக்குக் கிடைக்கும் ஆவணங்களில் அவர்கள் பேசப்படுகின்றனர், பேசுவது அரிது. முறையீடு எழுதியோர் வெள்ளாளர். மறுமொழி எழுதியோர் ஐரோப்பியர். யாருடைய இருக்கை பற்றிய வழக்கோ, அவர் வழக்கில் தரப்பினராகவும் இல்லை, சாட்சியாகவும் இல்லை. கிரேக்கக் கைம்பெண்களின் முறையீட்டைத் தீர்க்க அவர் தரப்பினரையே பொறுப்பில் அமர்த்திய எருசலேம் சபையின் வழி தஞ்சையில் எவருக்கும் தோன்றவில்லை.

6. ஓர் ஒப்பீடு: இரேனியசின் பிரிவு

அதே காலத்தில் நெல்லையில் எழுந்த மற்றொரு பிணக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியசு, குருப்பட்டம் முதலியவற்றில் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்கோடு உடன்படாதவர். அத்திருச்சபையைப் பற்றி வெளிவந்த ஒரு நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரை அச்சானதும் பிணக்கு வெளிப்படையாயிற்று. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் நெல்லையை விட்டு நீங்கினார். சபையார் சிலர் அழைக்கவே மீண்டும் திரும்பினார். சபைகள் இரண்டுபட்டன. 1838 சூனில் இரேனியசு மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளுள் பிரிவு ஆறியது. அவரோடு நின்றவருள் சிலர் சங்கத்திற்கே மீண்டனர்.

தனிப் பிணக்கு எழுத்தில் வெளிப்பட்டு முற்றியமை இரண்டு பூசல்களுக்கும் பொது. ஆனால், ஒன்று சில ஆண்டுகளில் ஆறியது. மற்றொன்று தலைமுறைகள் கடந்தும் ஆறவில்லை. காரணம் வெளிப்படை. நெல்லைப் பிணக்கில் இரு தரப்பாரும் ஒரே மேசையில் அமரக்கூடியவர்கள். தஞ்சைப் பிணக்கோ மேசையைப் பற்றியதே. நிகரானவர்களுக்கிடையே காலம் செய்யும் பணியை, நிகரற்றவர்களுக்கிடையே காலம் தானே செய்துவிடுவதில்லை.

7. தீர்ந்தவையும் தீராததும்

சாத்திரியாரின் நான்கு முறையீடுகளின் பிற்கால வரலாறு இதனை மேலும் தெளிவுறுத்தும். தமிழிசையை அவர் வாழ்நாளிலேயே சபை ஏற்றது. அமெரிக்க மதுரை மிசனைச் சார்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாத்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. விலக்கப்பட்ட இசை பின்னர் சபைதோறும் ஒலித்தது. மொழிபெயர்ப்புச் சிக்கலும் ஒருவாறு தீர்ந்தது. ஐரோப்பியரும் தமிழரும் கூடிப் பல்லாண்டு உழைத்து, பவர் தலைமையில் 1871இல் ஐக்கியத் திருப்புதல் வெளிவந்தது. முத்தையா பிள்ளை அப்பணியில் துணைநின்ற தமிழறிஞர். பப்ரீசியசு மொழிபெயர்ப்பை லூத்தரன் சபையார் நெடுங்காலம் தம் வழிபாட்டில் போற்றி வந்தனர். திருமணத்தில் மலர்மாலை இன்று எவர்க்கும் பிணக்கன்று. இம்மூன்றும் அமர்ந்து பேசியோ விட்டுக்கொடுத்தோ தீர்ந்தவை.

இரண்டாம் முறையீட்டின் நிலை வேறு. 1840களில் தரங்கம்பாடி வழியாக வந்த செருமானிய லூத்தரன் மிசன் சாதி வழக்கத்தில் மென்போக்குக் கொண்டிருந்தது. வில்சனின் ஆணைக்கு இசையாதோர் பலர் அங்குத் தஞ்சம் புகுந்தனர். பிணக்குத் தீரவில்லை; இடம் மாறியது.

கத்தோலிக்கச் சபையிலும் இதுபோன்ற நிகழ்ச்சிகள் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயம், வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்கேற்ப இரு பிரிவுகளாகக் கட்டப்பட்டது. 1910இல் கௌசானல் அடிகளார் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். வெள்ளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். கொரிந்தியர்க்குப் பவுல் எழுதிய அறிவுரை பொருளற்றுப் போயிற்று. ஆயினும் சுவர் மீளவில்லை. அண்மைக் காலத்தில், 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தமக்கெனத் தனிப்பங்கு வேண்டிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே எழுந்த மோதல் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழப்பில் முடிந்தது. வில்சனின் ஆணைக்கும் இதற்கும் இடையே 175 ஆண்டுகள்.

8. மும்பைத் தமிழரும் இவ்வரலாறும்

இவ்வரலாறு காவிரிக் கரையோடும் பொருநைக் கரையோடும் நிற்பதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நெல்லைச் சீமையினர் திரளாகப் பம்பாய்க்குப் பெயர்ந்தனர். கோலி மீனவர் குடியிருப்பாக இருந்த தாராவியின் சதுப்பு ஓரங்களில், தோல் பதனிடும் தொழிலையும் பிற உடலுழைப்பையும் நம்பி அவர்கள் குடியேறினர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் குடியமர்ந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தோன்றியது. செம்பூரை அடுத்த சனதா காலனியில் வாழ்ந்த தமிழர் உள்ளிட்டோர் 1976இல் அப்புறப்படுத்தப்பட்டுச் சீட்டா முகாமில் குடியமர்த்தப்பட்டனர். மூன்று பகுதிகளும் அருகருகே இருந்தபோதும், ஊரில் இருந்த வேறுபாடுகளின் சாயல் குடியிருப்பிலும் படிந்தது. தாராவி ஆதிதிராவிடரின் அமைப்புகளையும் அரசியல் விழிப்பையும் ஓவன் லிஞ்ச் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்துள்ளார்.

பெயர்ந்து வந்த ஊரில் தமிழ்ச் சபை என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று. கடன் தகராறு, மணப் பேச்சு, பாகப் பிரிவினை, பக்கத்து வீட்டுச் சண்டை ஆகிய அனைத்தும் முதலில் வந்து சேரும் மன்றாகவும் அது அமைய இயலும். மத்தேயுவின் நெறி அங்கு அன்றாடத் தேவை. அந்நெறியைக் கையாளும் மூப்பர் தஞ்சையின் பாடத்தை அறிந்திருத்தல் நலம். இருவர் தகராறெனத் தோன்றும் ஒன்று, உண்மையில் யார் எங்கு அமர்வது என்பது பற்றியதாக இருக்கலாம். அவ்விடத்தில் பொறுமையை மட்டும் போதிப்பது, தள்ளி அமர்த்தப்பட்டவனிடம் அங்கேயே அமைதியாக இரு என்று கூறுவதாகவே முடியும்.

சமயம் மாறினும் சாதி இழிவு நீங்காமை அரசமைப்பு அளவிலும் வினாவாக நிற்கிறது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை கிறித்தவரான தலித்துகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் அவர்களையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. இது குறித்து ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் 2022இல் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. தேவாலயத் தரையில் தீர்க்கப்படாத வழக்கு நாட்டின் மன்றங்களுக்குச் சென்றுள்ளது என இதனைக் கருதலாம்.

முடிவுரை

தஞ்சைப் பூசலை மத்தேயுவின் நெறியோடு பொருத்தி நோக்கியதில் மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, முறையீடுகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை. நியாயமான மூன்றும் நியாயமற்ற ஒன்றும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டன. குருமாரும் அக்கட்டை அவிழ்க்காமல் முழுதாகவே மறுத்தனர். சகோதரனிடம் அவன் குற்றத்தைச் சொல் என்னும் முதற்படியே, குற்றம் இன்னது எனப் பிரித்தறிவதை வேண்டி நிற்கிறது.

இரண்டாவது, சபைக்கு அறிவித்தல் சபைக்கு ஆணையிடலாகத் திரிந்தது. நேரிய கொள்கையும் அதனால் உள்ளங்களில் வேர்கொள்ளவில்லை.

மூன்றாவது, தீங்குற்றவர் யார் என்னும் வினா கேட்கப்படவேயில்லை. நெறியின் மூன்று படிகளும் தீங்குற்றவரிடமிருந்தே தொடங்குகின்றன. அவரை விட்டுவிட்டு ஏறும் படிகள் ஒப்புரவுக்கு இட்டுச் செல்வதில்லை.

வேதநாயக சாத்திரியாரின் கவிப்பெருமை இவ்வாய்வால் குறைவதில்லை. தமிழிசைக்காகவும் தமிழ் மறைமொழிக்காகவும் அவர் எழுப்பிய குரலைப் பிற்காலச் சபை ஏற்றுப் போற்றியது. அவர் தவறிய இடத்தையும் அதே நேர்மையோடு கற்பதே அவரைக் கற்பதாகும். இராசநாயக்கன் முதல் தஞ்சைத் தேவாலயத்தின் கடைசி வரிசை வரை அமர்ந்திருந்த பெயரறியாதோரின் சொற்களை நாட்குறிப்புகள், திருமுழுக்குப் பதிவேடுகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றிலிருந்து மீட்டெடுப்பது தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வின் அடுத்த பணியாக அமைதல் வேண்டும். அவர்கள் தரப்பு எழுதப்படும்போதுதான் இவ்வழக்கின் முதற்படி ஏறப்பட்டதாகும்.